ரோஜாப்பூத் தட்டில் ரசம் சாதம்

டீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய பீங்கான் சாமான்களைக் கழுவி வைப்பது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆளுக்கொரு புதையலை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்! சுற்றிவளைத்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இதில் சாப்பிடலாமா? ஆகவே இந்த மாதம் முழுக்கத் தட்டு, கிண்ணம், சொம்பு. இட்லி மாவு பொங்காத பிரச்சினை அடுத்த மாதம்.

கே: என் மாமியார் செம்பவாங்கில் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் என்னிடம் வந்தன. மொத்தம் 23. ஒன்றுக்கொன்று ஜோடி சேராதவை. சிலதில் பூ, சிலதில் நீலப் படம், சிலதில் தங்கக் கோடு. தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு இவற்றில் பரிமாற ஆசை. பயமில்லாமல் பயன்படுத்தலாமா? (யீஷூன் வாசகி)

ப: உங்கள் மாமியாரும் என் அம்மாவும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போயிருப்பார்கள் போலிருக்கிறது. அம்மா அங்கே ஓர் அதிகாரி வீட்டில் துணி துவைக்கவும் சமையலுக்கும் இருந்தார். 1971இல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பியபோது அந்தக் குடும்பம் கப்பலில் ஏற்ற மனமில்லாத சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனது. எங்கள் வீட்டுக்கு ஒரு தேயிலைப் பெட்டி வந்தது. எனக்கு அப்போது 11 வயது. கசக்கிய செய்தித்தாளுக்குள்ளிருந்து அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். ஏழு தட்டு, ஏழு மாதிரி. விளிம்பைச் சுற்றி ரோஜாப்பூ போட்ட தட்டை எனக்கென்று ஒதுக்கினார். பத்து வருடத்துக்கு மேல் அதில்தான் எனக்கு ரசம் சாதம். இடதுபக்க ஓரத்தில், எப்போதும் அதே இடத்தில், எலுமிச்சை ஊறுகாய்.

மனையியல் படிக்கப் போன பிறகு ஒருநாள் அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வலதுபக்க ரோஜாக்கள் பளபளவென்று இருந்தன. ஊறுகாய்ப் பக்கத்து ரோஜா மட்டும் சுண்ணாம்பு தடவியது போல மங்கிக் கிடந்தது. இதழ் இருந்த இடத்தில் வெளிறிய தடம். அந்தச் சிவப்பு எங்கே போனது? கழுவியதில் கொஞ்சம் போயிருக்கும். மிச்சம் என் வயிற்றுக்குள்.

விஷயம் இதுதான். பீங்கான் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெருகு இருக்கிறதே, அதில் காரீயம் என்ற நச்சு உலோகத்தைக் கலப்பது அந்தக் காலத்தில் சாதாரண வழக்கம். காரீயம் சேர்த்தால் மெருகு குறைந்த சூட்டிலேயே உருகும், சீராகப் பரவும், மின்னும். மேலே வரையும் வண்ணங்களிலும் அது இருக்கும். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்குக் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் சேரும். சூளையில் ஒழுங்காகச் சுட்ட மெருகுக்குள் இவை பூட்டி வைத்தது போலக் கிடக்கும். புளிப்புதான் அந்தப் பூட்டுக்குச் சாவி. சூடும், நெடுநேரம் ஊறுவதும் சேர்ந்தால் இன்னும் சுலபமாகத் திறக்கும்.

தட்டைச் செய்தவன் போட்ட கணக்கு வேறு, நாம் போடும் கணக்கு வேறு. அவன் நினைத்தது ரொட்டித் துண்டு, கேக், அவித்த உருளைக்கிழங்கு. நாம் ஊற்றுவது புளிக்குழம்பு, ரசம், தயிர், தக்காளித் தொக்கு. அதுவும் ஆவி பறக்க. பரிசோதனைக் கூடத்தில் ஒரு தட்டிலிருந்து எவ்வளவு காரீயம் கசிகிறது என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய வினிகரை, அதில் ஊற்றி 24 மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு அந்தத் திரவத்தை அளக்கிறார்கள். ஊறுகாய் வைத்த ஓரத்தில் நானும் பத்து வருடம் அதே பரிசோதனையைத்தான் செய்திருக்கிறேன். அளக்கத்தான் இல்லை.

1970களில்தான் பல நாடுகள் இந்தக் கசிவுக்கு வரம்பு வைக்கத் தொடங்கின. உங்கள் பெட்டி அநேகமாக அதற்கு முந்தையது. அதற்காக 23ஐயும் பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் மேசைமேல் பரப்பி வையுங்கள்.

முதலில் காது. தட்டை விரல் நுனிகளில் தாங்கி, விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். நல்ல தட்டு மணி மாதிரி கிணுங்கும். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல் ஓடியிருக்கிறது. சூடான குழம்பை ஊற்றும்போது அது மேசையிலேயே இரண்டாகப் பிளக்கலாம். தடித்த மண்பீங்கான் இயல்பிலேயே மந்தமாகத்தான் ஒலிக்கும் என்பதால் சத்தத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம், திருப்பிப் போட்டு வெளிச்சத்திலும் பாருங்கள்.

அப்புறம் விரல். கண்ணை மூடிக்கொண்டு பூவின் மேல் தடவுங்கள். படம் லேசாக மேடு தட்டினால் அது மெருகுக்கு மேலே வரைந்தது, என் ரோஜாவைப் போல. உணவுக்கும் அந்த வண்ணத்துக்கும் நடுவே மறைப்பே கிடையாது. ஒன்றுமே தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போனால் வண்ணம் மெருகுக்கு அடியில் இருக்கிறது. நீலமும் வெள்ளையுமான தட்டுகள் பெரும்பாலும் இந்த இனம். கொஞ்சம் நிம்மதி, ஆனால் முழு நிம்மதி இல்லை, ஏனென்றால் மெருகிலேயே காரீயம் இருக்கலாம்.

கடைசியாகக் கண். சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் ஓடி, அவை பழுப்பேறியிருந்தால், எண்ணெயும் குழம்பும் உள்ளே இறங்கிவிட்டன என்று அர்த்தம். எந்த நாரும் அங்கே எட்டாது. அப்படிப்பட்ட தட்டைச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

என் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். விரிசல், வலைக்கோடு, சில்லு பெயர்ந்தது, வண்ணம் மங்கியது எல்லாம் சுவருக்குப் போகும். என் ரோஜாப்பூத் தட்டு இப்போது கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மேடு தட்டினாலும் வண்ணம் கெடாமல் இருப்பவை முறுக்கு, அதிரசம், நெய் உருண்டைக்கு. முறுக்கில் புளிப்பு இல்லை, சூடு இல்லை, தீபாவளியன்று எங்கள் வீட்டில் அது தட்டில் அரை மணி நேரம் தங்குவதும் இல்லை. மெருகு கெடாமல், நடுவில் படமே இல்லாமல் வெறும் வெள்ளையாக இருக்கும் தட்டுகளில் வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள் தோசையோ இடியாப்பமோ வைப்பேன். குழம்பும் சட்னியும் தனிக் கிண்ணத்தில். மிச்சத்தை அதிலேயே மூடிக் குளிர்பெட்டியில் வைக்கிற வேலை மட்டும் கிடையாது.

கே: இணையத்தில் ஒரு பரிசோதனைக் குச்சி வாங்கித் தட்டில் தேய்த்தேன். நிறம் மாறவில்லை. அப்படியென்றால் காரீயம் இல்லைதானே? (செங்காங் வாசகர்)

ப: ‘தானே’ என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அந்தக் குச்சி, மேற்பரப்பில் காரீயம் நிறையவே இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். குறைவாக இருந்தாலோ, மெருகுக்குள் புதைந்து மெதுவாகக் கசிந்தாலோ மாறாமலே இருக்கலாம். ஆகவே குச்சி ‘இருக்கிறது’ என்றால் தட்டை ஒதுக்குங்கள். ‘இல்லை’ என்று சொன்னால் அதை நம்பிப் புளியோதரை கிளறாதீர்கள். சிவப்புப் பூவின் மேல் தேய்த்தால் அந்த வண்ணமே குச்சியில் ஒட்டி உங்களை ஏமாற்றவும் செய்யும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பரிசோதனைக் கூடத்தின் வினிகர்ச் சோதனைதான். அந்தச் செலவுக்குப் புதுத் தட்டே வாங்கிவிடலாம் என்று என் கைச் சிக்கனம் சொல்கிறது.

கே: பக்கத்து வீட்டு பெரனாக்கான் பாட்டி (இந்த வட்டாரத்தில் வேரூன்றிய பழைய சீன வம்சாவளிக் குடும்பம்) வீடு மாறும்போது இளஞ்சிவப்பும் பச்சையுமாக மயில் மாதிரி ஒரு பறவை வரைந்த மூடி போட்ட ஜாடியைக் கொடுத்தார். அளவு சரியாக இருப்பதால் மாங்காய் ஊறுகாய் போட்டு வைக்கலாமா? (காத்தோங் வாசகி)

ப: ஐயோ, வேண்டவே வேண்டாம்.

அந்தப் பறவை மயில் இல்லையம்மா, ஃபீனிக்ஸ். பக்கத்தில் இருப்பது பியோனிப்பூ. ஜாடிக்குக் கம்செங் என்று பெயர். பெரனாக்கான் குடும்பங்களுக்காகச் சீனாவின் ஜிங்டசென்னில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்து அனுப்பிய ரகம். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்துக்குப் போனால் இதன் உறவினர்களைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். அந்த வண்ணம் முழுக்க மெருகுக்கு மேலே வரைந்தது. ஊறுகாய் என்றால் புளிப்பு, உப்பு, மாதக் கணக்கில் ஊறல். இதைவிட மோசமான ஜோடியை யோசித்தாலும் கிடைக்காது. ஊறுகாய்க்கு நம் ஊர்ப் பழுப்பும் வெள்ளையுமான கல்ஜாடி இருக்கவே இருக்கிறது. அதிகச் சூட்டில் சுடுகிற கல்பீங்கானுக்குக் காரீய மெருகு தேவைப்படுவதில்லை. பாட்டி திரும்பி வந்து பார்த்தால் வருத்தப்படாத இடத்தில் கம்செங்கை வையுங்கள்.

கே: டீச்சர், 40 வருடமாக ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறேன். கல்யாணச் சீராகக் கும்பகோணத்திலிருந்து வந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரன் ‘ஈயம் விஷம் பாட்டி, தூக்கிப் போடு’ என்று தினமும் சண்டைக்கு வருகிறான். (தோ பாயோ வாசகி)

ப: பாட்டியும் சரி, பேரனும் சரி. குழப்பம் சொல்லில் இருக்கிறது. நம்மிடம் இரண்டு ஈயம் உண்டு, ஒன்று வெள்ளீயம், இன்னொன்று காரீயம். நஞ்சு என்று பேரன் படித்தது காரீயம். ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவதும், உணவு டின்களின் தகரத்தில் பூசுவதும் அதே வெள்ளீயம்தான். புளிக்கு அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே, முதலில் புளித்தண்ணீரை ஊற்று என்று பெரியவர்கள் சொன்னார்கள். உருகி வழிந்த சொம்புக் கதை இல்லாத குடும்பம் உண்டா?

ஆனால் பேரன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. இரண்டும் சுலபமாக ஒன்றோடொன்று கலக்கும். செய்தவர் கலந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் கண்ணால் தெரியாது.

வகுப்பில் பிள்ளைகளுக்கு அடர்த்தி சொல்லிக்கொடுக்க என் சொம்பையே கொண்டுபோவேன். தராசில் 584 கிராம். விளிம்புவரை நிரப்பிய அண்டாவில் முழுக்க மூழ்கவிட்டு, வழிந்த தண்ணீரை அளந்தால் 80 மில்லி. வகுத்தால் 7.3. வெள்ளீயத்தின் அடர்த்தி அதுதான். காரீயம் 11.3. நான் பெருமையாகப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “கொஞ்சமாகக் கலந்திருந்தால் என்ன வரும் டீச்சர்?” என்று கேட்டான். கணக்குப் போட்டோம். நூற்றுக்குப் பத்துப் பங்கு காரீயம் கலந்திருந்தாலும் 80 மில்லிக்குப் பதில் 77 மில்லி வழியும், அவ்வளவுதான். மூன்று மில்லி! என் கை ஆடினாலே அவ்வளவு சிந்தும். என் பெருமை அன்றோடு போயிற்று.

ஆகவே வீட்டுச் சோதனையில் முழு மோசடி பிடிபடும், அரைகுறைக் கலப்படம் பிடிபடாது. தங்கத்தின் தரம் பார்க்க எக்ஸ்ரே கருவி வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரிக் கருவி உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பாத்திரத்தைச் சேதப்படுத்தாமல் சொல்லும். பேரன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறானே, சண்டை போடுகிற நேரத்தில் அங்கே எந்தத் துறையில் அது இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை ரசம் எவர்சில்வரில் இருக்கட்டும். சோதனையில் தேறி வந்தால் பழையபடி அதிலேயே வையுங்கள். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க அதிலேயே கிடக்க வேண்டாம்.

கே: தாத்தா ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரத்திலிருந்து வடியும் ரப்பர் பாலைப் பிடிக்கும் அவர் காலத்துப் பால் மங்கு (கிண்ணம்) ஆறு என்னிடம் இருக்கின்றன. இப்போது சில உணவகங்களில் இந்த மாதிரிக் கிண்ணத்தில் சம்பல் வைக்கிறார்களே, நானும் வைக்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

ப: உணவகத்தில் இருப்பது அந்தச் சாயலில் செய்த புதுக் கிண்ணமாக இருக்கும். உங்களுடையது மரத்துக்காகச் செய்தது. ரப்பர் பால், அது உறையாமலிருக்க விட்ட அம்மோனியா, மழை, பூச்சி எல்லாம் பார்த்தது. சம்பல் வேண்டாம். சிங்கப்பூரின் டிராகன் சூளைகளில், அதாவது சரிவில் நீளமாகக் கட்டிய விறகுச் சூளைகளில், இந்த மங்குகளை ஆயிரக்கணக்கில் சுட்டார்கள். ஜாலான் பஹார் பக்கம் தவ் குவாங்கில் 1940இல் கட்டிய சூளை ஒன்று இன்னும் நிற்கிறது, பேரப்பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆறு மங்கிலும் கார்த்திகை விளக்கு வைத்தால் தாத்தாவுக்கும் சந்தோஷம்.

கே: நாங்கள் சுத்த சைவம். போன் சைனாவில் எலும்பு கலந்திருக்கிறதாமே? பூசைக்குப் பாயசம் வைக்கும் கிண்ணம் போன் சைனா. (பீஷான் வாசகி)

ப: உண்மைதான். மாட்டெலும்பை நன்றாக எரித்த சாம்பல், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் இருக்கும். அந்தச் சாம்பலால்தான் அந்த வெண்மையும், விளக்குக்கு எதிரே பிடித்தால் விரலின் நிழல் தெரிகிற மென்மையும். உடம்புக்குக் கெடுதல் கிடையாது. பூசைக்கு ஆகுமா என்பது உங்கள் மனசுக்கும் சாமிக்கும் உள்ள விஷயம். நான் அதில் தலையிட மாட்டேன். வெள்ளிக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டால் கேள்வியே எழாது.

கே: பணிப்பெண் எல்லாத் தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார், பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடுகிறார், தங்க விளிம்புக் கோப்பையை மைக்ரோவேவில் வைத்துத் தீப்பொறியே வந்துவிட்டது. எதைச் சொல்வது, எதை விடுவது? (பொங்கோல் வாசகி)

ப: முதலில் நீங்கள் அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? என் வீட்டில் அந்தத் தீப்பொறியை வரவழைத்ததே நான்தான். தங்கக் கோடு என்பது உலோகம், மைக்ரோவேவ் அதைச் சும்மா விடாது. கோடு கருகியதோடு போயிற்று.

கழுவும் இயந்திரத்தின் சோப்பு காரமானது, மேலே வரைந்த பூக்களை அது நாளடைவில் அரித்துவிடும். பழையவற்றைக் கையால், மென்மையான பஞ்சால் கழுவச் சொல்லுங்கள். இரும்பு நார் பக்கத்திலேயே வரக்கூடாது. அடுக்குவதில்தான் பலரும் தவறு செய்கிறோம். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு வளையம் இருக்கும். அங்கே மெருகு இருக்காது, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. செட்டாக வாங்கிய தட்டுகளில் அந்த வளையம் கீழ்த்தட்டின் நடுவில் ஒரே இடத்தில் உட்காரும். ஜோடி சேராத தட்டுகளில் சின்னது பெரியதன் பூவின்மேல் போய் உட்கார்ந்து, எடுக்கும்போதெல்லாம் சுரண்டும். பெரியது அடியில், சின்னது மேலே, நடுவே ஒவ்வொரு சமையலறைத் தாள். ஆறு தட்டுக்கு மேல் ஓர் அடுக்கு வேண்டாம். அதோடு, எவற்றில் சமைத்த சாப்பாடு வைக்கலாம் எவற்றில் கூடாது என்று தட்டின் அடியில் சின்ன வண்ண ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். பச்சை என்றால் சாப்பிட, மஞ்சள் என்றால் பலகாரத்துக்கு மட்டும். மொழி புரியாத பிரச்சினையே வராது.

கே: மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி, மூத்த பேத்திக்கு மூன்று வயது. எங்கள் வீட்டில் 1980களில் வாங்கிய பூப்போட்ட கொரெல் தட்டுகளில்தான் எல்லாரும் தினமும் சாப்பிடுகிறோம். உடையவே உடையாது, நன்றாகத்தான் இருக்கிறது. அவையும் பழசுதானா? (தெம்பனிஸ் வாசகி)

ப: இந்தக் கடிதத்துக்கு மட்டும் விளையாட்டில்லாமல் பதில் சொல்கிறேன். மாற்றிவிடுங்கள், இந்த வாரமே. கொரெல் தட்டு பீங்கான் அல்ல, கண்ணாடி. தட்டைப் பற்றி அல்ல, மேலே உள்ள வண்ணத்தைப் பற்றித்தான் கவலை. 2005க்கு முந்தைய பழைய தட்டுகளை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. 40 வருடம் தேய்த்த பூ நிச்சயம் முதல் நாள் இருந்தது போல இருக்காது.

பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு, உணவில் வரும் காரீயத்தை நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே கிடையாது என்றும் சொல்கிறது. அது மூளை வளர்ச்சியைத் தொடும். வெளியே எந்த அறிகுறியும் காட்டாது. பெரியவர்கள் உடம்பில் அது எலும்பில் போய்ச் சேர்ந்து பல வருடம் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும்போது அதோடு சேர்ந்து இறங்கிக் குழந்தையிடம் போகும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்தவர்கள் உடம்பு இன்னும் அதிகமாக உறிஞ்சும், ஆகவே மருத்துவர் கொடுத்த மாத்திரையை மகள் விடாமல் சாப்பிடட்டும்.

பதற வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ தட்டு விஷயத்தைச் சொல்லி, பேத்திக்கும் மகளுக்கும் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் காரீயம் பார்க்கமாட்டார்கள், கேட்டால்தான் பார்ப்பார்கள். பேத்திக்குச் சாப்பாட்டுத் தட்டு எவர்சில்வர். விழுந்தாலும் சத்தம் மட்டும்தான். கார்ட்டூன் போட்ட பழைய மெலமைன் தட்டு ஏதாவது இருந்தால், கீறல் விழுந்திருந்தால், அதையும் எடுத்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை அதில் ஊற்றவே கூடாது.

கே: என் கணவர் ஓய்வு பெற்றபோது நண்பர்கள் கொடுத்த கிறிஸ்டல் குப்பியில் விஸ்கியை ஊற்றி மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்கிறார். பார்க்க அழகு என்பதைத் தவிர அதில் ஏதும் ஆபத்து உண்டா? (புக்கிட் பாத்தோக் வாசகி)

ப: குப்பியிலும் உண்டு, உள்ளே இருப்பதிலும் உண்டு. இரண்டாவதைப் பற்றி அவரிடம் நீங்கள் ஏற்கெனவே பேசியிருப்பீர்கள்.

மரபான காரீயக் கிறிஸ்டலில் குறைந்தது 24 விழுக்காடு காரீய ஆக்ஸைடு. அந்தக் கனமும், வானவில் தெறிப்பதும் அதனால்தான். லான்செட் மருத்துவ இதழில் 1991இல் ஒரு சோதனை வந்தது. லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் காரீயம் இருந்த போர்ட் ஒயினை மூன்று கிறிஸ்டல் குப்பிகளில் ஊற்றி நான்கு மாதம் வைத்தார்கள். முடிவில் 2,000க்கு மேல், ஒரு குப்பியில் 5,000க்கும் மேல். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10. விருந்தாளி வரும்போது ஊற்றி, அன்றே காலி செய்து கழுவி வைத்தால் பெரிய கவலையில்லை. அலமாரியில் அழகுக்காக நிறம் வேண்டுமென்றால் தேத்தண்ணீரை ஊற்றி வைக்கட்டும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. குடிக்காமல் இருந்தால் சரி.

கே: விருந்தாளிகளுக்கு ஆளுக்கொரு மாதிரித் தட்டு வைப்பது மரியாதைக் குறைவு என்கிறார் என் அம்மா. எனக்கோ அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதில் சாப்பாடே போட முடியாது போலிருக்கிறதே! (ஜூரோங் வாசகி)

ப: உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் ஏழு தட்டும் ஏழு மாதிரியாக இருந்ததால் யார் எச்சில் தட்டு எது என்ற சண்டையே வந்ததில்லை. தேக்காவிலிருந்து வரும் மாமா வீட்டுக்குள் நுழையும்போதே “என் கப்பல் தட்டு எங்கே?” என்று கேட்டுக்கொண்டே வருவார். அதை வேறு யாருக்காவது போட்டுவிட்டால் அன்றைக்கு முகம் தூக்கி வைத்துக்கொள்வார். எங்கள் வீட்டு மரியாதை அப்படி.

சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது. தேக்கா சந்தையில் வாழை இலை வாங்குங்கள். தட்டைக் கவிழ்த்து இலைமேல் வைத்து, நடு நரம்பு குறுக்கே வராதபடி, விளிம்புக்கு ஒரு விரல்கடை உள்ளே தள்ளி வட்டமாக வெட்டுங்கள். நெருப்பில் லேசாக வாட்டினால் மடங்காமல் படியும். இலை நடுவில், அதைச் சுற்றிப் பழைய தட்டின் பூ வேலைப்பாடு, பச்சைக்கும் ரோஜாவுக்கும் அப்படி ஒரு பொருத்தம். சோறு, பொரியல், அப்பளம் எல்லாம் இலைமேல். ரசமும் மோரும் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் தட்டுக்கு வெளியே. எதற்கும் ஒரு பத்து இலை வட்டம் கூடுதலாக வெட்டி வையுங்கள், இரண்டாவது தடவை சாப்பிட உட்காருகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.